இங்கிலாந்தின் பழைய நகரங்களுக்கு இரண்டு இரவுப் பயணம்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லண்டனுக்கு வேலைக்கு வந்த முதல் ஆண்டில் யார்க் நகரத்துக்குப் போனேன். அந்தப் பயணத்தில் பார்த்த இடங்களுக்குச் செலவானதைவிட, தவறான வாரத்தைத் தேர்ந்ததற்கும் தவறான ரயிலில் ஏறியதற்கும் கொடுத்த பணம்தான் அதிகம். அதன் பிறகு யார்க், பாத், லிவர்பூல் என்று பலமுறை போய்வந்துவிட்டேன். ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவையும் அழைத்துப் போயிருக்கிறேன். எதை எப்போது வாங்க வேண்டும், எந்தத் தாள் கையில் இருக்க வேண்டும், எங்கே பணம் வீணாகப் போகும் என்பதை மட்டும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நகரங்களின் வரலாறு எங்கும் கிடைக்கும் என்பதால் அதற்குள் போகவில்லை.

1. ஒரு பயணத்துக்கு ஒரே நகரம்

நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றி வந்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அதே வேகத்தில் லண்டனிலிருந்து சுற்றுலாப் பேருந்தில் ஏறி ஸ்டோன்ஹெஞ்ச், பாத், ஆக்ஸ்ஃபோர்டு மூன்றையும் பொழுது சாய்வதற்குள் முடிப்பவர்கள் பலர். அப்படிப் போனால் பேருந்தின் சன்னலைத்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள். பகலில் கூட்டம் நெரியும் இந்த ஊர்கள், மாலை ஐந்து மணிக்குப் பேருந்துகள் கிளம்பிய பிறகும் காலை ஒன்பது மணிக்கு முன்பும்தான் நடந்து பார்க்க ஏற்றவையாக இருக்கின்றன. இரவு தங்குவதன் பயனே அதுதான்.

லண்டனிலிருந்து ரயிலில் கேம்பிரிட்ஜுக்கு ஏறக்குறைய 50 நிமிடமும், ஆக்ஸ்ஃபோர்டுக்கும் வின்செஸ்டருக்கும் சுமார் ஒரு மணி நேரமும் ஆகும். இவற்றைக் காலையில் போய் மாலையில் திரும்பும் ஊர்களாக வைத்துக்கொள்ளுங்கள். அறை எடுப்பது வீண். பாத் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், யார்க் இரண்டு மணி நேரம், லிவர்பூல் இரண்டேகால் மணி நேரம். இரண்டு இரவுக்கு இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பழமை வேண்டுமென்றால் யார்க், சாவகாசமாக நடக்க வேண்டுமென்றால் பாத், பாட்டும் சத்தமும் இரவு விளக்குகளும் வேண்டுமென்றால் லிவர்பூல். பெற்றோரோடு முதன்முறை போகிறவர்களுக்கு நான் யார்க்கைத்தான் சொல்வேன். மேடு பள்ளம் அதிகம் இல்லாத ஊர்.

புறப்படும் நிலையங்கள் வெவ்வேறு என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். யார்க் ரயில் கிங்ஸ் கிராஸிலிருந்தும், பாத் ரயில் பாடிங்டனிலிருந்தும், லிவர்பூல் ரயில் யூஸ்டனிலிருந்தும் கிளம்பும்.

2. ஆவணங்கள்

இங்கிலாந்தில் ஏற்கெனவே படிப்பவர்களுக்கும் வேலை பார்ப்பவர்களுக்கும் உள்நாட்டுப் பயணத்துக்கு அனுமதி எதுவும் தேவையில்லை. ஆனாலும் கடவுச்சீட்டு எண்ணைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கும்போது பெயர், நாடு, கடவுச்சீட்டு எண், அடுத்து எங்கே போகிறார்கள் என்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்று தங்கும் விடுதிகளுக்கு 1972ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. சில இடங்களில் கேட்க மாட்டார்கள், சில இடங்களில் கேட்பார்கள். கேட்டால் பதறாமல் கொடுப்பதற்குக் கடவுச்சீட்டின் ஒளிப்படம் ஒன்று போனில் இருந்தால் பெரும்பாலும் போதும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்கு வருகையாளர் விசா தேவை. ஆறு மாதம் வரை தங்கக்கூடிய விசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது. கட்டணங்கள் பெரும்பாலும் ஏப்ரலில்தான் ஏறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். பயண நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கைரேகையும் படமும் கொடுத்த பிறகு வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். கோடை விடுமுறைக்கு வருபவர்கள் அந்த மூன்று வாரத்தை நம்பி உட்காராமல் இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஷெங்கன் விசா இங்கே செல்லாது. பாரிஸ் வரை வந்தவர்கள் அப்படியே லண்டனையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிட்டு ஏமாறுவது இன்றும் நடக்கிறது. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 ஜனவரி 8 முதல் இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி கட்டாயம்.

விசா விண்ணப்பத்தில் அடிக்கடி நேரும் தவறுகள் இரண்டு. வங்கிக் கணக்கில் கடைசி வாரத்தில் உறவினரிடம் வாங்கிய பெருந்தொகையைப் போட்டு நிரப்புவது முதல் தவறு. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாவிட்டால் அதுவே நிராகரிப்புக்குக் காரணமாகிவிடும். தமிழில் உள்ள நிலப் பத்திரத்தையோ ஓய்வூதிய ஆணையையோ மொழிபெயர்க்காமல் இணைப்பது இரண்டாவது. ஆங்கிலத்தில் இல்லாத தாள் எதுவாக இருந்தாலும் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்போடு இருக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பாத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள்.

3. நாளைத் தேர்வது

பயணத்தின் மொத்தச் செலவைத் தீர்மானிப்பது ஊர் அல்ல, நாள். இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். யார்க்குக்கு முதல்முறை போனது ஆகஸ்டு மாதத்தின் நடுப்பகுதியில். நிலையத்தைவிட்டு வெளியே வந்தால், இறகு வைத்த தொப்பிகளும் இறுக்கமான கோட்டுகளுமாக ஒரு கல்யாணக் கூட்டமே சாலையில் போய்க்கொண்டிருந்தது. அது ஈபர் குதிரைப் பந்தய வாரம் என்பது விடுதியில் சாவி வாங்கும்போதுதான் தெரிந்தது. ஓர் இரவுக்கு 210 பவுண்டு கொடுத்த அதே அறை, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது 75 பவுண்டு.

எனவே தேதியை முடிவு செய்யும் முன் அந்த ஊரில் அந்த வாரம் என்ன நடக்கிறது என்று தேடிப் பாருங்கள். யார்க்கில் குதிரைப் பந்தயம், குறிப்பாக மே மாதத்திலும் ஆகஸ்டிலும். பாத் நகரில் நவம்பர் கடைசியில் தொடங்கும் கிறிஸ்துமஸ் சந்தை. லிவர்பூலில் உள்ளூர்க் கால்பந்து ஆட்டமும் பெரிய இசை நிகழ்ச்சிகளும். எல்லாப் பல்கலைக்கழக ஊர்களிலும் கோடையில் வரும் பட்டமளிப்பு வாரம். இந்த நாட்களில் அறை வாடகை இரண்டு மூன்று மடங்காகும்.

அடுத்தது கிழமை. வெள்ளி, சனி இரவுகள்தான் விலை உச்சம். ஞாயிறு இரவு பெரும்பாலும் வாரத்திலேயே மலிவு. அலுவலகத்தில் ஒரே ஒரு நாள் விடுப்புதான் கிடைக்கும் என்றால், வெள்ளிக்கிழமைக்குப் பதில் திங்கட்கிழமையைக் கேளுங்கள். ஞாயிறு காலை கிளம்பி, ஞாயிறு இரவும் திங்கள் இரவும் தங்கி, செவ்வாய் அதிகாலை ரயிலில் நேராக அலுவலகம் போய்ச் சேர்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. தண்டவாளப் பராமரிப்பை ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாட்களிலும்தான் வைத்துக்கொள்வார்கள். அப்போது பாதித் தூரம் ரயிலிலும் மீதித் தூரம் பேருந்திலும் போக நேரிடும். நேஷனல் ரெயில் தளத்தில் அந்தத் தேதிக்குப் பயண நேரத்தைப் பாருங்கள். வழக்கமான இரண்டு மணி நேரம் மூன்றரை என்று காட்டினால் வேறு ஞாயிறுக்கு மாற்றிவிடுங்கள். டிசம்பர் 25 அன்று ரயிலே ஓடாது; மறுநாளும் மிகக் குறைவு.

பகல் வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். குளிருக்குப் பயப்படாதவர்களாக இருந்தாலும், அம்மா அப்பாவோடு போவதற்கு ஏப்ரல் கடைசியோ செப்டம்பரோ பொருத்தம்.

4. ரயில் டிக்கெட்: அதிகம் ஏமாறும் இடம்

நம் ஊரில் ரயில் கட்டணம் பெரும்பாலும் நிலையானது. இங்கே ஒரே ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் இருக்கும் இருவரில் ஒருவர் 30 பவுண்டும் மற்றவர் 140 பவுண்டும் கொடுத்திருக்கக்கூடும். மூன்று வகை டிக்கெட்டுகளைப் புரிந்துகொண்டால் போதும்.

அட்வான்ஸ் டிக்கெட் மலிவானது, ஆனால் அதில் அச்சிட்டிருக்கும் ஒரே ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். பயணத்துக்கு 8 முதல் 12 வாரம் முன்பு விற்பனைக்கு வரும். மலிவான இடங்கள் குறைந்த எண்ணிக்கையில் இருப்பதால் முந்துபவர்களுக்குக் கிடைக்கும். பணம் திரும்பாது; ஆனால் ரயில் கிளம்பும் முன் வரை, கட்டண வித்தியாசத்தோடு 10 பவுண்டு கொடுத்து வேறு ரயிலுக்கு மாற்றலாம். ஆஃப் பீக் டிக்கெட்டில் காலை, மாலை நெரிசல் நேரத்தைத் தவிர்த்து எந்த ரயிலிலும் ஏறலாம். முன்கூட்டியே ரத்து செய்தால் சிறு பிடித்தத்தோடு பணமும் திரும்பும். எனிடைம் எந்த நேரத்துக்கும் செல்லும். சொந்தப் பணத்தில் அதை வாங்கிப் போகிறவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அட்வான்ஸ் டிக்கெட் என்றால் அந்த ரயில் மட்டும்தான் என்பதை மறக்காதீர்கள். யார்க்கிலிருந்து திரும்பும் நாளில் மாலை ஐந்து மணி ரயிலுக்கு என்னிடம் டிக்கெட் இருந்தது. மழை பிடித்துக்கொண்டதால் நிலையத்துக்கு நாலு மணிக்கே வந்துவிட்டேன். லண்டன் ரயில் ஒன்று பாதி காலியாக நின்றது. முந்தைய வண்டிதானே, யாருக்கு என்ன நட்டம் என்று ஏறி உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் பரிசோதகர் வந்து என் போனில் இருந்த சதுரக் கட்டத்தின் மேல் கருவியைக் காட்டினார். ஒருமுறை சிவப்பு விழுந்தது, மறுபடியும் சிவப்பு. மிகவும் மரியாதையாக, இது இந்த ரயிலுக்கான டிக்கெட் அல்ல என்று சொல்லிவிட்டு, லண்டன் வரைக்கும் முழுக் கட்டணத்தில் புது டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, விதி அப்படித்தான். முன்னால் போகும் ரயிலும் தவறான ரயில்தான்.

லண்டனில் வங்கி அட்டையைத் தட்டி ஏறி இறங்கிப் பழகியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. பாடிங்டனில் அட்டையைத் தட்டினால் கதவு திறக்கும். ஆனால் அந்த வசதி வழியில் இருக்கும் ரெடிங் நிலையம் வரைக்கும்தான், பாத் வரை செல்லாது. செல்லுபடியான டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 100 பவுண்டு, அதோடு பயணக் கட்டணமும் சேரும். 21 நாளுக்குள் கட்டினால் அபராதம் பாதியாகும். தொலைதூர ரயிலுக்குத் தனி டிக்கெட் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டை ரயில் நிறுவனங்களின் சொந்தத் தளத்திலேயே வாங்கலாம். எந்த நிறுவனத்தின் தளத்திலும் மற்ற நிறுவனங்களின் டிக்கெட்டும் அதே விலைக்குக் கிடைக்கும். இடையில் இருக்கும் சில செயலிகள் முன்பதிவுக் கட்டணம் என்று ஒன்றரை, இரண்டு பவுண்டு கூடுதலாகப் பிடிக்கும். பயணத்தைத் துண்டாக்கி வாங்குவதும் சட்டப்படி சரி. லண்டனிலிருந்து வழியில் இருக்கும் டிட்காட் பார்க்வே நிலையம் வரை ஒன்றும், அங்கிருந்து பாத் வரை இன்னொன்றும் என இரண்டு டிக்கெட் வாங்கினால் நேர் டிக்கெட்டைவிடக் குறையும் நாட்கள் உண்டு. நீங்கள் இறங்கி ஏற வேண்டியதில்லை. ஆனால் உங்கள் ரயில் டிட்காட்டில் நிற்க வேண்டும். நிற்காமல் போகும் ரயிலில் அந்தத் துண்டு டிக்கெட்டுகள் செல்லாது.

5. ரெயில்கார்டு

ரெயில்கார்டு என்பது ரயில் சலுகை அட்டை. ஆண்டுக்கு 35 பவுண்டு கொடுத்து வாங்கினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 16–25, 26–30 வயதினருக்குத் தனித்தனிக் கார்டுகள், 60 வயதைக் கடந்தவர்களுக்கு சீனியர் கார்டு, இருவர் சேர்ந்தே பயணம் செய்தால் டூ டுகெதர், பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு ஃபேமிலி அண்டு ஃப்ரெண்ட்ஸ். இரண்டு பேர் ஒரே ஒருமுறை யார்க் போய்வந்தாலே கார்டின் விலையில் பெரும்பகுதி திரும்பிவிடும். பெற்றோர் ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருந்தாலும் சீனியர் கார்டு வாங்கலாம். கடவுச்சீட்டே வயதுக்குச் சான்று. இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

டூ டுகெதர் கார்டில் இருவர் படமும் பெயரும் இருக்கும். இருவரும் கூடவே இருக்க வேண்டும், வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு முன் செல்லாது. கார்டு போனில் இருந்தால் போனில் சார்ஜ் இருக்க வேண்டும். கார்டைக் காட்ட முடியாவிட்டால் அந்தச் சலுகை டிக்கெட்டும் செல்லாது என்பதால், சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கோச் பேருந்து ரயிலைவிட மலிவுதான். பாத் வரை அதில் போகலாம், யார்க்குக்கு வேண்டாம். அரை நாள் சாலையிலேயே போய்விடும்.

6. அறை எடுப்பது

காட்டப்படும் வாடகையில் வரி சேர்ந்தே இருக்கும். காலை உணவு பெரும்பாலும் சேராது. மான்செஸ்டர் நகர மையத்தில் 2023 ஏப்ரல் முதல் அறைக்கு ஓர் இரவுக்கு 1 பவுண்டு தனியாக வாங்குகிறார்கள். மற்ற நகரங்களிலும் இப்படி இருக்கக்கூடும் என்பதால் கடைசிப் பக்கத் தொகையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் விலைக்கும் திரும்பாத விலைக்கும் வித்தியாசம் 10 பவுண்டுக்குள் இருந்தால், திரும்பும் விலையையே எடுங்கள். ரயில் டிக்கெட் உறுதியாகும் வரை அந்த 10 பவுண்டு ஒரு காப்பு.

டபுள் என்றால் இருவருக்கு ஒரே கட்டில். ட்வின் என்றால் இரண்டு தனிக் கட்டில்கள். நண்பரோடு போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் சங்கடப்பட்டிருக்கிறார்கள். பாத் நகரில் வீட்டு விடுதிகள் பல, வார இறுதியில் ஓர் இரவுக்கு மட்டும் அறை தருவதில்லை. அவை பழைய உயரமான வீடுகள், லிஃப்ட் இருக்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பதிவு செய்யும்போதே கீழ்த்தளம் கேட்க வேண்டும். அறைக்குள் விடுவது பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான். சீக்கிரம் போய்விட்டால் பெட்டியை வரவேற்பறையில் வைத்துவிட்டுச் சுற்றப் போகலாம், காசு வாங்க மாட்டார்கள். லண்டன் நிலையங்களில் பெட்டி வைக்கும் இடத்தில் கொடுக்கும் தொகையில் இருவர் சாப்பிடலாம்.

7. புறப்படும் நாள்

பெரிய நிலையங்களில் நடைமேடை எண்ணைக் கிளம்புவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்புதான் பலகையில் போடுவார்கள். ஒட்டுமொத்தக் கூட்டமும் பலகையை அண்ணாந்து பார்த்தபடி நின்று, எண் விழுந்ததும் ஒரே திசையில் ஓடும். புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே கதவுகளை மூடிவிடும் வழக்கமும் உண்டு என்பதால், ஐந்து மணி ரயில் என்றால் உங்கள் மனக்கணக்கில் நாலு ஐம்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் ரயில்கள் ஓடுகின்றன. ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காமல் நேரத்தையும் நிறுவனத்தையும் டிக்கெட்டோடு ஒப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை அட்டையே போதும். ரொக்கம் வாங்காத கடைகள் பெருகிவிட்டன. ஊரில் உறவினர் பத்திரமாக வைத்திருந்து கொடுத்த பழைய காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடைகளில் செல்லாது.

8. யார்க்: இரண்டு நாள் எப்படிப் போகும்

நிலையத்திலிருந்து ஊர் மையம் பத்துப் பதினைந்து நிமிட நடை. டாக்ஸி தேவையில்லை. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: இந்த ஊரில் தெருப் பெயர்களில் வரும் கேட் என்பது தெருவைக் குறிக்கும், பார் என்பதுதான் கோட்டை வாயில். மிக்கில்கேட் பார் என்பது மதுக்கடை அல்ல, மிக்கில்கேட் தெருவின் வாயில்.

ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள மதில்மேல் நடப்பதற்குக் கட்டணம் இல்லை. முழுவதும் நடக்க இயலாதவர்கள் பூதம் பாரிலிருந்து மங்க் பார் வரையுள்ள பகுதியை மட்டும் நடந்தால் போதும்; மின்ஸ்டர் பேராலயம் வழி முழுக்கப் பக்கவாட்டில் கூடவே வரும். சில இடங்களில் உட்புறம் கைப்பிடிச் சுவர் கிடையாது, குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பனி உறைந்த நாட்களில் மதிலை மூடிவிடுவார்கள்.

மின்ஸ்டருக்குள் போக ஒருவருக்கு ஏறக்குறைய 20 பவுண்டு. கோபுரம் ஏறத் தனி டிக்கெட், 275 படிகள், குறுகலான சுழல் பாதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வழிபாடு இருப்பதால் சுற்றிப் பார்ப்பவர்களைப் பிற்பகலில்தான் விடுவார்கள். கட்டணம் அதிகம் என்று தோன்றினால், மாலை வழிபாட்டுக்குப் போங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. சுற்றி வரவோ படமெடுக்கவோ முடியாது, ஆனால் அந்தக் கூரையின் கீழ் முக்கால் மணி நேரம் பாடகர் குழுவின் குரலைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கலாம். என் அப்பா, சிதம்பரத்தில் தேவாரம் கேட்ட மாதிரி இருந்தது என்றார். பகலில் டிக்கெட் எடுத்துப் பார்த்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

குறுகலான பழைய ஷாம்பிள்ஸ் தெருவுக்குக் காலை ஒன்பதுக்கு முன் போங்கள். பதினொரு மணிக்கு மேல் அங்கே ரங்கநாதன் தெரு தோற்றுவிடும். நிலையத்தை ஒட்டியிருக்கும் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. நீராவி இன்ஜின்களில் 1938இல் வேகச் சாதனை படைத்த மல்லார்டும், ஜப்பானின் புல்லட் ரயில் பெட்டியும் அங்கே நிற்கின்றன. பிள்ளைகள் இருந்தால் அரை நாள் ஒதுக்குங்கள். திரும்பும் நாளில் வைத்துக்கொண்டால் அங்கிருந்தே ரயிலுக்கு நடந்துவிடலாம்.

9. பாத்

ரோமானியக் குளியல் கூடத்தின் நுழைவுக் கட்டணம் தேதிக்குத் தேதி மாறும். வார இறுதியில் கூடும், முன்பதிவு செய்தால் குறையும். ஒலி வழிகாட்டி அந்தக் கட்டணத்திலேயே அடங்கும். அந்தப் பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியாது என்பதை முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்; வெந்நீர் ஊற்றில் குளிக்க வேண்டுமென்றால் பக்கத்தில் தெர்மே என்ற தனி நிலையம் இருக்கிறது, 16 வயதுக்குக் குறைந்தவர்களை விடுவதில்லை.

குளியல் கூடத்தின் வாசலிலிருந்து மேயரின் கௌரவ வழிகாட்டிகள் நாள்தோறும் ஊரைக் காலாற நடத்திக் காட்டுகிறார்கள். இலவசம் என்றால் உண்மையாகவே இலவசம். கடைசியில் கையில் பணம் வைத்தால் மறுத்துவிடுவார்கள். இரண்டு மணி நேரம் ஆகும். பாத் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். பிறை வடிவ வீட்டு வரிசையான ராயல் கிரசெண்ட் வரை ஏற்றம்தான், அதனால் செருப்பைத் தவிர்த்துவிட்டு நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

10. லிவர்பூல்

லைம் ஸ்ட்ரீட் நிலையத்தின் அருகிலேயே வாக்கர் கலைக்கூடம், சற்றுத் தள்ளி உலக அருங்காட்சியகம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பிரம்மாண்டமான ஆங்கிலிகன் பேராலயத்துக்குள் போகவும் இலவசம், கோபுரத்துக்கு மட்டும் டிக்கெட். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் வளர்ந்த வீடுகளை உள்ளே பார்க்க வேண்டுமென்றால் பழைய வீடுகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் வண்டியில் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். நேரே போய் நின்றால் வெளிக்கதவைத்தான் பார்க்கலாம். இசை விடுதிகள் நிறைந்த மேத்யூ தெருவையொட்டி அறை எடுத்தால் வெள்ளி, சனி இரவுகளில் தூக்கம் இருக்காது. கூத்தைப் பார்க்கத்தான் போகிறோம் என்றாலும் படுக்கை பத்து நிமிட நடைத் தூரத்தில் இருக்கட்டும்.

11. சாப்பாடு

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் சைவர்களும் இதைக் கவனமாகப் படியுங்கள். யார்க்ஷயர் பகுதியில் பல மீன் வறுவல் கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலைப் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். கடைக்குள் எங்காவது சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு அது பெருமைக்குரிய செய்முறை. உருளைக்கிழங்குதானே என்று அம்மாவுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்து, நாலைந்து துண்டு உள்ளே போன பிறகு நான் அந்தப் பலகையைப் பார்த்தேன். அம்மா மீதியை என் கையில் கொடுத்துவிட்டு, ஆற்றங்கரை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். யார்க்ஷயர் புட்டிங் என்ற பெயரில் வரும் பொங்கிய பணியாரத்துக்கும் இதே கேள்வி பொருந்தும்.

பப்களில் மேசைக்கு வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு நீங்களே கவுண்டருக்குப் போய்ச் சொல்ல வேண்டும். சமையலறை இரவு ஒன்பதுக்கெல்லாம் மூடிவிடும் இடங்கள் உண்டு. பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும் என்பதால், ஞாயிறு மாலை போய் இறங்குபவர்கள் வழியிலேயே பாலும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள். உணவகச் சீட்டில் பன்னிரண்டரை சதவீதம் சேவைக் கட்டணம் என்று சேர்த்திருந்தால் அது பெரும்பாலும் விருப்பத் தொகை. அதன் மேல் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

12. ஒரு பயணத்தின் கணக்கு

செப்டம்பரில் ஒரு ஞாயிறு முதல் செவ்வாய் வரை யார்க்குக்கு இருவர் போய்வந்தபோது எழுதி வைத்தது இது. ரெயில்கார்டுச் சலுகையோடு ரயில் 88 பவுண்டு, இரண்டு இரவு அறை 142, மின்ஸ்டர் 40, சாப்பாடும் தேநீரும் 115, சில்லறை 20, மொத்தம் 405. அதே பயணத்தை வெள்ளி முதல் ஞாயிறு வரை, இரண்டு வாரம் முன்னதாக மட்டும் பதிவு செய்து பார்த்தால் 600க்கு மேல் காட்டியது. பவுண்டை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை ரயிலிலேயே விட்டுவிடுங்கள், தேநீர்கூடத் தொண்டையில் இறங்காது. உள்ளூர்ப் பேருந்தில் ஏற நேர்ந்தால், அரசின் கட்டணத் திட்டத்தில் சேர்ந்த பேருந்துகளில் இங்கிலாந்து முழுவதும் ஒரு பயணத்துக்கு 3 பவுண்டு என்ற உச்சவரம்பு 2025 ஜனவரி முதல் இருக்கிறது. லண்டனுக்குத் தனிக் கட்டணம்.

13. ரயில் தாமதமானால்

அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். சில நிறுவனங்கள் 15 நிமிடத்துக்கே கொடுக்கின்றன. 30 முதல் 59 நிமிடம் வரை என்றால் ஒருவழிக் கட்டணத்தில் பாதி, ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஒருவழிக் கட்டணம் முழுவதும். அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் இது உண்டு. பெரும்பாலும் தானாக வராது, நீங்கள் பயணம் செய்த ரயில் நிறுவனத்தின் தளத்தில் 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், டிக்கெட்டின் படத்தை இணைக்க வேண்டும். எனவே வீடு வந்து சேர்ந்த களைப்பில் போனிலிருந்து டிக்கெட்டை அழித்துவிடாதீர்கள். இயந்திரத்தில் எடுத்த காகித டிக்கெட் என்றால், லண்டன் நிலையக் கதவு அதை விழுங்குவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.